தொட்டியில ஈஸ்ட் பாக்கெட் போடல

நேத்து காலைல நாலாவது தடவையா, தோல் உரிச்ச காபிக் கொட்டைய மேல இருக்கற வழவழப்பு கழல புளிக்க விட்டிருக்கற தொட்டிக்குள்ள குச்சிய சொருகி எடுத்தேன், இந்த தடவை குழி மூடாம அப்படியே நின்னுச்சு. ஒரு கை அள்ளி தேய்ச்சா வழவழப்பு போயி கூழாங்கல் மாதிரி கரகரன்னு சத்தம். கழுவலாம். ஏற்காட்டு டிசம்பர் குளிர்ல இதுக்கு ஒண்ணரை நாள் ஆச்சு, இட்லி மாவே இங்க மறுநாள் மத்தியானம் தான் பொங்குது.

போன வாரம் சேலத்துல இருந்து வந்த ஒரு அண்ணன், ஒயின் பண்றவங்க போடற மாதிரி பாக்கெட் ஈஸ்ட் வாங்கி போடு தம்பி, ருசி வருஷா வருஷம் ஒரே மாதிரி வரும்னார். எனக்கு மனசு வரல. ஒயின்ல ஈஸ்ட் எதுவும் சேக்காம விட்டா என்ன நடக்குதுன்னு படிச்சதுல இருந்தே இந்த பிடிவாதம் வந்துருச்சு.

திராட்சைச் சாறுல மொதல்ல வேலைய ஆரம்பிக்கறது பழத்தோல் மேலயே இருக்கற ஹன்சேனியாஸ்போரா, மெட்ஸ்னிகோவியா, பிச்சியா மாதிரி காட்டு ஈஸ்ட்டுங்க தான், பழ வாசனை நிறைய இதுங்க குடுக்கறது. ஆல்கஹால் நாலஞ்சு சதவீதம் தாண்டினா இதுல நிறைய அடங்கிடும், அப்புறம் பாக்கெட்ல விக்கற ஈஸ்ட்டோட வகையான சாக்கரோமைசஸ் வந்து மிச்ச சர்க்கரைய முடிக்கும். அந்த சாக்கரோமைசஸ் முழுசா இருக்கற பழத்து மேல ரொம்ப அபூர்வம், வெடிச்ச பழத்துல தான் அதிகம், குளவி வயித்துல வெச்சு தூக்கிட்டு வந்து விடுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. 1883ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி லேப்ல ஒரே ஒரு செல்லுல இருந்து சுத்தமான ஈஸ்ட் வளத்தவர் எமில் ஹன்சன், அவர் பேர தான் இந்த ஹன்சேனியாஸ்போராவுக்கு வெச்சிருக்காங்க, எனக்கு அது ரொம்ப புடிச்ச விஷயம்.

காபித் தொட்டிலயும் பிச்சியாவும் ஹன்சேனியாஸ்போராவும் உண்டு. ஆனா இங்க ஆல்கஹால் அந்த அளவுக்கு ஏறாது, அதனால அதுங்கள வெரட்ட ஆள் இல்ல, கூடவே தயிர புளிக்க வைக்கற மாதிரி லாக்டிக் பாக்டீரியாவும் சேந்து கடைசி வரைக்கும் இருக்கும்.

ஆபத்தும் இருக்கு, இல்லைங்கல. போன வருஷம் மழைல நனைஞ்சு அடிபட்ட பழத்த ஒரு ராத்திரி மூட்டையிலயே கட்டி வெச்சுட்டோம், மறுநாள் தோல் உரிக்கற பல்பர் மெஷின்ல போட்டு தொட்டில விட்டா நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி. பழம் பறிக்கற அக்கா கிட்ட வந்து மோந்துட்டு, "இது புளிச்ச வாசம் இல்ல சாமி, காடி வாசம், கொட்டிருங்க"ன்னுச்சு. முழு தொட்டியும் போச்சு. அதுக்கு மருந்து பாக்கெட் இல்லைங்க, பறிச்ச அன்னைக்கே பல்பர் ஓட்டறதும் கெட்ட பழத்த பொறுக்கறதும் தான்.

இந்த வருஷம் மேல சில்வர் ஓக் நிழல்ல இருக்கற பழத்தையும் கீழ ஆரஞ்சு மரத்துக்கு நடுவுல இருக்கறதையும் கலக்காம தனித்தனி தொட்டில விட்டேன். மேல் தொட்டி மோர் மாதிரி, கீழ் தொட்டில கனிஞ்ச கொய்யா வாசம். வெயில் வித்தியாசமா, ஈஸ்ட் வித்தியாசமான்னு மூக்க வெச்சு சொல்ல முடியாது. ரெண்டும் இப்ப களத்துல தனித்தனியா காயுது, சாக்குல பேர் எழுதி வெச்சிருக்கேன், வறுத்ததும் குடிச்சு பாத்துட்டு எழுதறேன்.