வேலிக்கு உள்ளே 700 எம்எம்

திருகோணமலைக்கு வாழ வந்தபோது கணவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, லென்ஸை எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்பதைத்தான். கடற்படைத் தளம் உள்ள துறைமுக ஊர் இது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழிகூட பிரெட்ரிக் கோட்டைக்குள், ராணுவ முகாமைத் தாண்டித்தான். அங்கே மேயும் புள்ளிமான்களைப் போனில் எடுத்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெரிய குழாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் கேள்வி வரும். விசா புதுப்பிக்கிற ஆளுக்கு எதற்கு அந்த வம்பு? அதனால் கேமரா எங்கள் உப்புவெளி வளவைத் தாண்டுவதில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணவர் குடும்பம் 1990 சண்டையில் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தது. அவர் அங்கே முகாமில் வளர்ந்து, படித்து, என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு மாமியோடு ஊர் திரும்பினார். இங்கே அவருக்குப் பழைய பள்ளிக்கூடத் தோழர்கள் சிலர் இருந்தார்கள். எனக்கு ஒரு மா, இரண்டு தென்னை, முருங்கை, வேலியோரச் செவ்வரத்தை. அப்புறம் அதில் வந்து போகிற பறவைகள்; அவற்றைத்தான் படம் எடுக்கிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் 200-500 எம்எம் லென்ஸ், எஃப் 5.6 (லென்ஸ் வாய் திறக்கும் அளவு; எண் ஏறினால் வெளிச்சம் குறையும்). கூட, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தி 1.4 மடங்கு கிட்டே இழுக்கும் ஒரு டெலிகன்வர்ட்டர். அதைப் பொருத்தினால் 500 எம்எம் 700 ஆகிவிடும். ஆனால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போய் எஃப் 8-ல் வந்து நிற்கும். என் டி7500 கேமராவில் எஃப் 8-க்கு நடுப்புள்ளி ஒன்றுதான் ஆட்டோஃபோகஸ் பிடிக்கும். பறவையை நடுவில் வைத்து எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். படம் மங்குகிறது, ஃபோகஸ் தடுமாறுகிறது என்று கன்வர்ட்டரைத் திட்டுகிறவர்கள் ஒரு நல்லதைச் சொல்வதில்லை: அதைப் போட்டாலும், மிகக் கிட்டே ஃபோகஸ் பிடிக்கிற தூரம் அதிகமாகாது. அதே 2.2 மீட்டரில் பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே செவ்வரத்தையில் தொங்கும் தேன்சிட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தவிட்டுக்குருவிகள்தான் என்னை அடுத்த வீட்டோடு சேர்த்துவைத்தன. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குருவி. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தடியில் கூச்சல் போட்ட அதே கூட்டம் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த வீட்டுக் கிணற்றடியில் சிந்தும் தண்ணீரில் கூட்டமாகக் குளிக்கும். ஒரு நாள் வேலி இடைவெளியில் லென்ஸை வைத்திருந்தபோது அந்த வீட்டு அக்கா வந்து நின்றார்.

“தங்கச்சி, எங்கட கிணத்தடியையோ பிடிக்கிறீங்க?”

கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. கிணற்றடியில் பெண்கள் குளிக்கிற ஊரில் நியாயமான கேள்வி. கேமராவை வேலிக்கு மேலே நீட்டித் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நனைந்து சிலிர்த்த இறகு, வெளுத்த கண். “இந்தச் சனியன்களுக்கு இவ்வளவு வடிவான கண்ணோ!” என்றார். அதன்பிறகு என் உளவாளியே அவர்தான். “மரங்கொத்தி வந்து நிக்குது, ஓடி வாங்கோ” என்று போன் வரும்.

அந்த மரங்கொத்திதான் என்னை விடாமல் இழுக்கிறது. கோயம்புத்தூரில் நான் பார்த்தது பொன் முதுகு. இலங்கையின் வடக்கிலும் அதே பொன் முதுகுதான். தெற்கே போனால் முதுகு இரத்தச் சிவப்பு. அது இலங்கையில் மட்டும் உள்ள தனி இனம். இரண்டும் சந்திக்கும் வட்டாரங்களில் கலந்து, செம்மஞ்சள் முதுகோடு பறவைகள் உண்டு. எங்கள் தென்னைக்கு வருவது அப்படித்தான் தெரிகிறது.

தெரிகிறது என்றுதான் சொல்ல முடியும். காலை ஏழு மணி வெயிலில் எந்தப் பொன்னும் செம்மஞ்சள்தான். அதனால் வெயில் சற்று ஏறும்வரை காத்திருந்து, கேமரா திருத்தாத ரா கோப்பாக எடுத்து, நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை ஒரே அளவில் பூட்டிவைக்கிறேன். ரொம்பத் தாமதித்தாலும் ஆகாது; சூடேறிய தகரக் கூரைக்கு மேலே காற்று நெளிந்தால் 700-ல் இறகு இறகாகத் தெரியாது, வெறும் நிறக் குழம்புதான். இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் 1/1000 நொடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். பறவையோ மரத்தின் மறுபக்கம் போய்விடும்.

ஐப்பசியில் மழை தொடங்கினால் கன்வர்ட்டருக்கு லீவு. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் போய்விடும். இந்த உப்புக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாளாகாது. அந்தச் சமயத்தில்தான் வட இந்தியப் பக்கமிருந்து ஆறுமணிக்குருவி வரும். கிட்டத்தில், மாவிலைச் சருகைக் கிளறிக்கொண்டு, ஆனால் இருட்டில். தூரம் பிரச்சினையே இல்லை, வெளிச்சம்தான் வேண்டும். எஃப் 5.6 வைத்து, கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றியும் சில நாள் கை விரித்துவிடும். மாமி அதன் விசிலைக் கேட்டுத்தான் சாமி விளக்கு ஏற்றுகிறார்.

மரங்கொத்திக்கு இப்போது ஒரு ஜோடி வந்திருக்கிறது. சிவப்பு என்கிறார் அக்கா, மஞ்சள் என்கிறார் மாமி. எனக்கு வால் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. தேங்காய் பறிக்க ஆள் ஏறினால் இரண்டும் பறந்துவிடும்; அவர் என்றைக்கு வருவார் என்று முன்கூட்டியே சொல்லும்படி மாமியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.