தாழை முள்: காக்கடு நாட்குறிப்பு

2023 ஜூன் 19, ஜாபிரு

ஆஸ்திரேலியாவின் வடக்கே, காக்கடு தேசியப் பூங்கா. டார்வின் நகரிலிருந்து 250 கிலோமீட்டர். வண்டி ஓட்டியது தங்கச்சி மாப்பிள்ளை. வழி நெடுக சாலையோரம் புகை. காட்டுத்தீ என்று பதறிவிட்டேன். இல்லையாம், வேண்டுமென்றே வைக்கிற தீ. மண்ணில் ஈரம் இருக்கும்போதே புல்லை அங்கங்கே எரித்துவிட்டால் வெயில் முற்றும்போது பெருந்தீ பரவ வழி இருக்காது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பினிஞ்சு மக்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. புகைக்குப் பயந்து ஓடிவரும் பூச்சியையும் ஓணானையும் பிடிக்கத் தீயின் ஓரமாகவே பருந்துகள் சுற்றுகின்றன.

இவர்களுக்கும் வருஷத்துக்கு ஆறு பருவம். இப்போது நடப்பது வுர்கெங், குளிர்காலம். கார், கூதிர், முன்பனி என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒப்பித்ததோடு சரி. இங்கே எந்தக் கிழங்கைத் தோண்டுவது, எப்போது தீ வைப்பது என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

ஜூன் 20, உபிர்

பாறை ஓவியங்கள். மீனை வரைந்தால் அதன் முள்ளையும் குடலையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்கள். எந்த இடத்தில் சதை அதிகம் என்று பார்த்ததும் தெரிகிறது. மீன் வெட்டத் தெரிந்தவர்கள் வரைந்த படம். உயரத்தில் ஒரு தைலசின், முதுகில் வரி போட்ட அந்த நாய் மாதிரியான விலங்கு. இந்தப் பெருநிலத்தில் அது அற்றுப்போய் 2,000 வருஷத்துக்கு மேலாகிறது.

இன்னொரு இடத்தில் ஒரு வெள்ளைக்காரன், சட்டைப்பையில் கையை விட்டபடி. எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். வேலை எதுவும் செய்யாமல் நிற்கிறான் என்பதைத்தான் வரைந்தவர் முதலில் கவனித்திருப்பார் போல.

வெள்ளைக்காரரை இங்கே ‘பலாண்டா’ என்கிறார்கள். ஹாலந்துக்காரர் என்பதன் திரிபு. இந்தோனேசியாவின் மக்கசாரிலிருந்து கடலட்டை எடுக்க 1907 வரை பாய்மரத்தில் வந்துபோனவர்கள் விட்டுச்சென்ற சொல். அவர்கள் விட்டுச்சென்றது இன்னொன்றும் உண்டு: கடற்கரையெங்கும் புளியமரம்.

சாயங்காலம் ஆற்றைக் கடக்கும் இடமான கேஹில்ஸ் கிராசிங்கில் முதலைகளை எண்ணினோம். பதினொன்றோடு நிறுத்திவிட்டேன். நாளை இதே ஆற்றைத்தான் கடக்க வேண்டும்.

ஜூன் 21, குன்பலன்யா

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்னெம் நிலம். 1976ஆம் வருஷச் சட்டப்படி அது பூர்வகுடிகளுக்குச் சொந்தம்; வெளியாள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு முன்கூட்டியே வாங்கியாயிற்று. ஆனால் கடல் ஓதம் இங்கே வரைக்கும் ஏறுகிறது என்பதை மாப்பிள்ளை சரியாகப் பார்க்கவில்லை. “தண்ணி இறங்கட்டும் மதினி,” என்றார். இறங்க இரண்டு மணி நேரம் ஆனது.

இஞ்சலக் கலைக்கூடம், 1989இல் தொடங்கியது. உரிமை கலைஞர்களுக்கே. தாழ்வாரத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாய் தூங்கியது. வயதான ஓர் அம்மாளின் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்ததும் போனை எடுத்துவிட்டேன், கேட்காமலே. அவர் திட்டவில்லை. கூடையை மடியில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். போனை உள்ளே வைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் போனபின் ஒரு மடலை என் பக்கம் தள்ளினார்.

நம் தாழைக்கு உறவான மரம். ஓரத்தில் முள். முள்ளை உரித்து, நகத்தால் மடலை இரண்டு தாளாகப் பிளக்க வேண்டும். தேரிக்காட்டில் பிறந்து ஆச்சியிடம் ஓலை முடையப் படித்தவள் நான், இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். மூன்று மடல் கிழிந்தது, விரலில் முள் ஏறியது. நாலாவதை விட்டுவிட்டு, காய்ந்த பட்டைகளைப் பொறுக்கி எனக்குத் தெரிந்த கொட்டான் ஒன்றை முடைந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தார். அது வரிசையாகக் கைமாறித் திரும்பி வந்தது.

சாயம் காய்ச்சும் தகரத்தில் ஒரு வேர் கொதித்தது, நல்ல மஞ்சள். அதில் சாம்பலைப் போட்டதும் சிவந்துபோனது. “ஆரத்தி!” என்று கத்தியேவிட்டேன். மஞ்சள், சுண்ணாம்பு, கல்யாணம், கண்ணேறு எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் விளக்கினேன். எவ்வளவு புரிந்ததோ. கல்யாணம் மட்டும் புரிந்தது.

அதிலிருந்துதான் பேச்சு ஆரம்பம். என்ன வேலை, எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா இருக்கிறாளா, அம்மாவோடு பிறந்தவர்கள் எத்தனை? சித்தி ஒருத்தி என்பதைத் தங்கச்சி ‘ஆன்ட்டி’ என்று மாற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் தலையாட்டி மறுத்தார். அம்மாவின் தங்கையும் அம்மாதான், அப்பாவின் தம்பியும் அப்பாதான், தாய்மாமன் மட்டும் வேறு. அட, இதையா எனக்குச் சொல்லித்தருகிறீர்கள்! நான் மாமா மகனைத்தான் கட்டியிருக்கிறேன் என்றேன்.

முடைகிற கை நின்றது. “ரொம்பப் பக்கம்,” என்றார், முகத்தைச் சுளித்து. அவர்கள் மொழியான குன்விஞ்குவில் மற்றவர்களுக்கும் சொன்னார். தாழ்வாரமே சிரித்தது.

அவர்கள் கணக்கில் இன்னொன்று: மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது. மாமியார் முன்னால் பேசுவதற்கென்றே குன்குர்ங் என்று தனிப் பேச்சு உண்டு, சொற்களே வேறாம். மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டார். “அதை எங்கே சொல்லித்தராங்கன்னு கேளுங்க மதினி.” அம்மாவிடம் சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

கிளம்பும்போது கேட்டேன்: “நான் பலாண்டாவா?” என் கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெண்கள் நெடுநேரம் விவாதித்தார்கள், ஏகச் சிரிப்பு. கடைசியில் ஓர் இளம்பெண் தீர்ப்பைச் சொன்னாள்: “நாளைக்குச் சொல்வாங்களாம்.”

ஜூன் 22, இஞ்சலக் குன்று

உள்ளூர் வழிகாட்டியோடு ஏறினோம். அடிவாரத்தில் நின்று அவர் குன்றைப் பார்த்து உரக்கக் குரல் கொடுத்தார். யாரை அழைத்து வருகிறோம் என்று முன்னோருக்குச் சொல்ல வேண்டுமாம். மேலே மிமி ஆவிகளின் படங்கள், குச்சி குச்சியாக. பலமாகக் காற்றடித்தால் ஒடிந்துவிடும் அளவு மெலிந்தவை; வேட்டையையும் ஓவியத்தையும் மனிதருக்குக் கற்றுக்கொடுத்தவை அவைதான் என்றார். ஒரு பாறை இடுக்கைத் தாண்டும்போது போனைக் கீழே இறக்கச் சொன்னார். இறந்தவர்களின் எலும்பு உள்ள இடம். இறக்கினேன்.

மதியம் ஒரு சின்னப் பை வாங்கினேன். சீட்டில் முடைந்தவர் பெயர் இருந்தது. பேரம் பேச நாக்கு துடித்தது. கிழிந்த மூன்று மடல் ஞாபகத்துக்கு வர, சொன்ன விலையைக் கொடுத்தேன். என் கொட்டான் தாழ்வாரத்து ஆணியில் தொங்கியது, உள்ளே அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடி. தீர்ப்பைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. “போபோ,” என்று வழியனுப்பினார்.

ஜூன் 24, டார்வின்

விரலில் முள் இன்னும் இருக்கிறது. தங்கச்சி ஊக்கை வைத்து நோண்டினாள், வரவில்லை. கடற்கரைப் பக்கத்துப் புளியமரத்தடியில் பொறுக்கிய பழத்தில் வத்தக்குழம்பு வைத்தேன். நல்ல புளிப்பு.

தங்கச்சி மகன் எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு, “அப்போ நாம பலாண்டாவா பெரியம்மா?” என்றான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.