இடது பக்க ஈரம்

அக்டோபர் 27

ராத்திரி முழுக்க மழை. காலையில் கார்க் கதவைத் திறந்ததும் ஊறிப்போன சாக்கு வாடை. இடது பக்கக் கால்மிதியை மிதித்தால் சதக் என்கிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாக இருக்கிறது. வலது பக்கம் ஒரு சொட்டு இல்லை.

இடது பக்க சீட்தான் வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறதாம் மகளுக்கு. முன் சீட்டைச் சாய்த்துப் போட்டால்தான் சரிப்படுகிறது.

அக்டோபர் 28

மழை. துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தேன். கால் வாளி.

அக்டோபர் 30

ஏசி தண்ணீராக இருக்கும் என்று போனிலேயே சொல்லிவிட்டார் மெக்கானிக். ஏசி போட்டே பத்து நாள் ஆகிறது. ரேடியேட்டர் தண்ணீரும் இல்லை. அதுவென்றால் பச்சையாக, பிசுபிசுவென்று, ஒரு தித்திப்பு வாடையோடு இருக்கும். இது மழைத் தண்ணீரேதான்.

வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜாலிக்குள் கம்பியை வளைத்து விட்டுப் பார்த்தேன். வேப்பஞ்சருகு, இரண்டு கை அளவு. மரத்தடியில் நிறுத்தினால் இதுதான். வடிகால் ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே தேங்கி, ப்ளோயர் வழியாக உள்ளே இறங்கிவிடும். குத்திவிட்டதும் களக்கென்று வடிந்தது.

தீர்ந்தது. நிம்மதியாகத் தூங்கலாம்.

அக்டோபர் 31

தீரவில்லை.

நவம்பர் 2

மழை விட்டிருந்தது. ஹோஸ் வைத்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது. குழாயை வேகமாகத் திறக்கக் கூடாது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, ஒரு இடத்துக்கு ஐந்து நிமிஷமாவது கொடுத்து, மெல்ல மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே அடித்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து எது ஓட்டை என்றே தெரியாது. உள்ளே ஒரு ஆள் டார்ச்சோடு உட்கார வேண்டும்.

அந்த ஆளாக அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள். நிறைமாத வயிறும் கையில் செல்போன் லைட்டுமாக. டேஷ்போர்டு மூலையிலும் கண்ணாடி ஓரத்துத் தூணிலும் பவுடர் தூவி வைத்திருந்தேன், தண்ணீர் வந்த தடம் தெரியட்டும் என்று. பிள்ளைக்கென்று வாங்கி வைத்த பவுடர். வாசலுக்கு வந்து பார்த்த என் மனைவி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "ஏங்க, பொறக்காத புள்ளை பவுடரைக் காருக்குக் கொட்றீங்களே, மூளை இருக்கா?"

கீழ் ஓரத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்திலும் இல்லை. மேல் இடது மூலைக்கு ஹோஸ் போய் மூன்றாவது நிமிஷம், "அப்பா, இங்க, இங்க!" குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். ரப்பர் பீடிங்குக்கும் கூரைக்கும் நடுவே கடுகளவு ஒரு மினுக்கல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகாகி, வயிறு பெருத்து, கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுப் பவுடரில் கோடு போட்டுக்கொண்டு தூணின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் போய் மறைந்தது. வெளியே வருவது ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில். முக்கால் ஆள் உயரம் மறைவாகவே வந்திருக்கிறது. நான் ஒரு வாரமாகக் கீழேயே தேடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரே சிரிப்பு. சிரித்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

நவம்பர் 3

மாப்பிள்ளை போன் செய்தார். "டாக்ஸி சொல்லிக்கலாமே மாமா, எதுக்கு இவ்வளவு சிரமம்." நல்ல மனுஷர்தான். செம்பனார்கோவிலில் இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு, அடைமழையில், மாயவரத்து ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடித்துப் பார்த்ததில்லை அவர்.

நவம்பர் 4

டிங்கரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் புது பீடிங் போட வேண்டுமாம். அதுதான் சரியான வேலை, எனக்கும் தெரியும். பீடிங் வர மூன்று நாள். "கழட்டும்போது கண்ணாடி விரிசல் விட்டா நான் பொறுப்பில்ல சார்." மூன்று நாள் வண்டி இல்லாமல் இருக்க முடியாது. பொங்கலுக்கு அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் சிலிக்கானைக் கொடுத்தார்கள். காடி வாடை அடிக்கும் சிலிக்கான் இரும்பைத் தின்னும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக் கடையில் கறுப்பு சீலன்ட் கிடைத்தது, இளகலானது, சந்துக்குள் தானே ஊர்ந்து போகும்.

நவம்பர் 6

வெயில்! ஐப்பசியில் இப்படி ஒரு வெயில்.

ஸ்க்ரூடிரைவர் கண்ணாடியைச் சிதைத்துவிடும் என்பதால் மூங்கில் சிம்பைச் சீவி, பீடிங்கின் உதட்டை மெல்லத் தூக்கினேன். உள்ளே மண், பாசி, அதற்கும் கீழே துரு. விரல் நீளத்துக்கு, காபிப்பொடி மாதிரி உதிர்கிறது. ஆணிவேர் இதுதான். துரு தகட்டைத் தூக்க, தகடு ரப்பரைத் தூக்க, தண்ணீருக்கு வழி. எட்டின வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஸ்பிரிட்டால் துடைத்து, மகளின் ஹேர் டிரையரால் காய வைத்து, துருவுக்கான ப்ரைமரைத் தொட்டு வைத்தேன். அது காய்வதற்குள் நான்கு தடவை வானத்தைப் பார்த்திருப்பேன்.

அப்புறம் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, உதட்டுக்கடியில் மூக்கை நுழைத்து சீலன்டைப் பிதுக்கினேன். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு இழுத்தால் அசிங்கமாகிவிடும். ஆகிவிட்டது. சுற்றி நாலு குச்சி நட்டுத் தார்ப்பாய், வண்டியில் படாமல். ஒரு நாள் தொடக் கூடாது.

நவம்பர் 7

விரலில் கறுப்பு போகவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. பிரஷர் கொஞ்சம் கூட. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

நவம்பர் 9

விடிய விடிய அடித்தது. நான்கு தடவை எழுந்து டார்ச்சோடு போனேன். பவுடர் அப்படியே இருக்கிறது.

கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் சணல் மெத்தைதான் காய மாட்டேன் என்கிறது. வெட்டி எடுத்துக் கொல்லைக் கொடியில் போட்டிருக்கிறேன். மூன்றாம் நாளும் பிழிந்தால் தண்ணீர் வருகிறது.

நவம்பர் 12

பெட்ரோல் ஃபுல்.

நவம்பர் 14

டாக்டர் சொன்ன தேதி இன்று. ஒன்றும் இல்லை. தோசை நாலு சாப்பிட்டாள்.

நவம்பர் 15

ஒன்றும் இல்லை. பிரஷரும் இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னாலும் எரிந்து விழுகிறேன் என்கிறாள் மனைவி. நான் விழவில்லை.

நவம்பர் 16

மாயவரத்தில் கடைமுழுக்கு, ஐப்பசிக் கடைசி நாள் காவிரிக் குளியல். துலாக்கட்டத்துப் படித்துறைப் பக்கம் கூட்டத்தில் வண்டி நகராது. இன்று மட்டும் வேண்டாம் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

இரவு 11.40. மழை வலுத்துவிட்டது. பவுடரில் கோடு. மயிரிழை அளவு. இடது மூலையைத் தடவித் தடவிப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. இது வலது மூலை. என் பக்கம்தான், துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாம். நாளைக்கு அந்த மூலையையும்

உள்ளே லைட் போட்டிருக்கிறார்கள். இந்நேரத்தில் எதுக்கு