எஞ்சிய 6 மில்லி

இன்று மாலை இணைய வகுப்பில், பட்டர்வொர்த்திலிருந்து இணைந்த இளம் பேச்சு சிகிச்சையாளர் ஒருவர், கெட்டியாக்கிய மைலோ பானத்தை 10 மில்லி ஊசிக்குழாயில் நிரப்பி, அடியில் அடைத்திருந்த விரலை எடுத்தார்.

பத்து வினாடி கழித்து எஞ்சியது 6 மில்லி.

பானங்களின் கெட்டித்தன்மைக்கு நாங்கள் பின்பற்றும் பன்னாட்டு அளவுகோலில், 4 முதல் 8 மில்லிவரை எஞ்சினால் இரண்டாம் நிலை. விழுங்கச் சிரமப்படும் அவருடைய நோயாளிக்கு வேண்டியதோ இன்னும் கெட்டியான மூன்றாம் நிலை.

கெட்டியாக்கும் தூளின் பொட்டலத்தில் போட்டிருந்த அளவைத்தான் கலந்திருக்கிறார். (பாலும் தண்ணீரும் ஒரே மாதிரி கெட்டியாவதில்லை.)

வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தன் துறையில் தானொருவராகவே இருக்கும் இவரைப் போன்றவர்கள், இத்தகைய ஐயங்களைக் கேட்பதற்காகவே பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள மூத்தவர்கள் ஒரே திரையில் கூட வேண்டும் என்பது என் கருத்து. விரிவுரையைப் பிறகும் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வகுப்பில் கேழ்வரகுக் கஞ்சியை அளக்கப்போகிறோம்.