கொலராடோவில் வாங்கிய பேனா, டெக்சஸில் வந்த வழக்கு

2022 மார்ச் மாதம், விடுமுறை முடிந்து டென்வரிலிருந்து டாலஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் மூன்று பேர், மூவரும் முதுநிலைப் படிப்பு மாணவர்கள், எஃப்-1 விசா. வண்டி என்னுடையது. நியூ மெக்சிகோவைக் கடந்து டெக்சஸுக்குள் நுழைந்து, அமரில்லோவையும் தாண்டி 287-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது பின்னால் காவல் வண்டியின் விளக்கு எரிந்தது. நான் ஒன்பது மைல் வேகம் கூடுதலாகப் போயிருந்தேன். ஜன்னலைத் திறந்ததும் காவலர் சொன்ன முதல் வார்த்தை வேகத்தைப் பற்றியது இல்லை. உள்ளே கஞ்சா வாடை வருகிறது என்றார்.

என் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஐந்து கிராம் அளவுக்குக் காய்ந்த கஞ்சா ஒரு டப்பாவில். பாதி தீர்ந்துபோன, கஞ்சா எண்ணெயை ஆவியாக்கி இழுக்கும் வேப் பேனா ஒன்று. கொலராடோவில் 2014 ஜனவரி முதல் 21 வயது நிரம்பியவர்களுக்கு இவற்றைக் கடையில் விற்கிறார்கள். உரிமம் பெற்ற கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி, ரசீதோடு வாங்கியவை. “இவை யாருடையவை?” என்று கேட்டார். நண்பர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே நினைப்பில் “என்னுடையவை” என்றேன். அந்த ஒரு சொல் அவர் சட்டையிலிருந்த கேமராவில் பதிவானது. என் வழக்கறிஞரை வழக்கு முழுவதும் மிகவும் சிரமப்படுத்தியது அந்தச் சொல்தான். பேசாமல் இருக்கும் உரிமை எனக்கு இருந்தது. பெயரையும் ஓட்டுநர் உரிமத்தையும் கொடுத்துவிட்டு, “வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை” என்று பணிவாகச் சொல்லியிருக்கலாம்.

அன்றிரவு மாவட்டச் சிறையில் இருந்தேன். தொலைபேசியில் பேச அனுமதித்தபோது, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்த ஒரே எண் காரைக்குடியில் இருக்கும் அப்பாவுடையது. மற்ற எல்லா எண்களும் அவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட கைப்பேசிக்குள் இருந்தன. அப்பாவை அழைக்க மனம் வரவில்லை. கருவியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாள் காலையில் நீதிபதி முன் நிறுத்தி, குற்றச்சாட்டுகளைப் படித்து, ஜாமீன் தொகையைச் சொன்னார்கள். இரண்டு வழக்குக்கும் சேர்த்து 5,000 டாலர். வெளியே காத்திருந்த நண்பர்கள் ஜாமீன் முகவரிடம் பத்து சதவீதம் கட்டி என்னை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த 500 டாலர் திரும்பி வராது. அது முகவரின் கட்டணம்.

படித்துக் காட்டியபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. டெக்சஸில் இரண்டு அவுன்ஸுக்குக் குறைவான கஞ்சா வைத்திருப்பது ‘பி’ வகைச் சிறு குற்றம்: அதிகபட்சம் 180 நாள் சிறை, 2,000 டாலர் அபராதம். ஐந்து கிராமுக்கு அதுதான். ஆனால் எண்ணெயை அந்தச் சட்டம் கஞ்சாவாகவே பார்ப்பதில்லை. செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் வேறு பட்டியலில் இருக்கிறது. ஒரு கிராமுக்குக் குறைந்த துளியாக இருந்தாலும் அது பெருங்குற்றம்: 180 நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். ஒரு கிராமைத் தொட்டால் இரண்டிலிருந்து பத்து ஆண்டு. பை நிறைய இலை வைத்திருந்தவனைவிடச் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தவன் பெரிய குற்றவாளி ஆகிவிடுகிறான்.

இன்னொன்றையும் வழக்கறிஞர் சொன்னார். அதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. டென்வரில் பத்து கஞ்சா மிட்டாய்கள் கொண்ட ஒரு பாக்கெட்டும் வாங்கியிருந்தோம். அது வழியிலேயே தீர்ந்து, காலி உறையை ஒரு பெட்ரோல் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தோம். அதில் இரண்டு மிட்டாய் மிஞ்சியிருந்தால்கூட என் நிலைமை வேறாகியிருக்கும். உள்ளே இருக்கும் போதைப்பொருள் சில மில்லிகிராம்தான் என்றாலும், டெக்சஸில் சர்க்கரையையும் சேர்த்துத்தான் எடை போடலாம். நான்கு கிராமுக்கு மேல் போனால் இரண்டிலிருந்து இருபது ஆண்டு வரை தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம்.

வழக்கு மெதுவாக நகர்ந்தது. பேனா ஆய்வகத்துக்குப் போனது. 2019-இல் டெக்சஸ், கஞ்சாச் செடியிலேயே போதை மிகக் குறைந்த ‘ஹெம்ப்’ என்ற வகையைச் சட்டபூர்வமாக்கியதிலிருந்து, பிடிபட்ட பொருளில் போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. அறிக்கை வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகவே கூடாது என்று வழக்கறிஞர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் அப்பத்தா இறந்துபோனார். பரீட்சை இருக்கிறது என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். கொல்லையில் அப்பத்தாவைக் குளிப்பாட்டித் தூக்கிவந்ததைக் கைப்பேசித் திரையில் பார்த்தேன். சிறையில் கழித்த இரவைவிட எனக்கு அந்த நாள்தான் தண்டனை.

செப்டம்பரில் அரசு வழக்கறிஞரிடமிருந்து ஒரு பேரம் வந்தது. இதைப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். இதைச் சொல்வதற்காகவே எழுத உட்கார்ந்தேன். பெருங்குற்ற வழக்கைக் கைவிடுகிறோம், ஐந்து கிராம் வழக்கில் மட்டும் ‘மறுக்கவில்லை’ என்று ஒப்புக்கொள்ளட்டும், நீதிபதி தீர்ப்பை ஒத்திவைப்பார், ஓராண்டு கண்காணிப்பில் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி என்ற தீர்ப்பே எழுதப்படாது என்றார்கள். அந்த ஊர் வழக்கறிஞர் நல்லவர், எனக்காக உண்மையாகவே போராடியவர். “இதைவிட நல்லது கிடைக்காது, உங்கள் பெயரில் தண்டனை இருக்காது” என்றார். டெக்சஸ் சட்டப்படி அவர் சொன்னது சரி. நான் மறுநாளே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன்.

என்னைத் தடுத்தவர் டாலஸில் எங்களுக்கு வாரக் கடைசியில் சாப்பாடு போடும் ஓர் அக்கா. “தம்பி, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. பணம் நான் தருகிறேன்” என்றார். அரை மணி நேர ஆலோசனைக்கு 200 டாலர். என் வாழ்க்கையில் நான் செலவிட்ட மிகப் பயனுள்ள 200 டாலர் அது.

குடியேற்ற வழக்கறிஞரான அந்த அம்மையார் தாளைப் பார்த்ததும் முதலில் கேட்டது: “நீங்கள் மறுபடி இந்தியா போய்வர வேண்டுமா?” பிறகு விளக்கினார். மாநிலச் சட்டம் எதைத் தண்டனை என்று சொல்கிறது என்பதைக் குடியேற்றச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கென்று சொந்த வரையறை இருக்கிறது. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டோ, மறுக்கவில்லை என்று சொல்லியோ, அதன்பேரில் நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை விதித்தால் போதும், தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் அது தண்டனைதான். கஞ்சா மத்தியச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால், கொலராடோ ரசீதுக்கும் அங்கே மதிப்பில்லை. சொந்த உபயோகத்துக்காக 30 கிராமுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு வழக்குக்கு நாடுகடத்தலிலிருந்து விலக்கு உண்டு. நாட்டுக்குள் இருக்கும்வரை அந்த விலக்கு என்னைக் காப்பாற்றலாம். ஆனால் வெளியே போய்த் திரும்பி நுழையும்போது அதே விலக்கு கிடையாது. விசா கேட்டாலும் கிரீன் கார்டு கேட்டாலும் அந்தக் கதவு மூடியிருக்கும். தனியாக மனுப்போட்டுக் கெஞ்ச வேண்டும், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நான் நன்றியோடு போட இருந்த கையெழுத்தின் பொருள் இதுதான்.

2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படில்லா (Padilla) என்பவரின் வழக்கில், குடிமகன் அல்லாத ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் நாடுகடத்தப்படும் ஆபத்தை அவருடைய வழக்கறிஞர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அம்மையார் என் வழக்கறிஞருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அவர் கோபப்படவில்லை, மறுபடி அரசு வழக்கறிஞரிடம் போனார்.

இதற்கிடையில் அக்டோபர் 6 அன்று அதிபர் பைடன் கஞ்சா வைத்திருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். அன்று மாலைக்குள் ஏழு பேர் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். அந்த மன்னிப்பு மத்தியச் சட்டத்தின் கீழான வழக்குகளுக்கு மட்டும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். மாநில வழக்கில் சிக்கிய மாணவ விசாக்காரனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

நவம்பரில் வேறோர் ஏற்பாடு அமைந்தது. நீதிமன்றத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், அரசு வழக்கறிஞரோடு நேரடியாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஓராண்டு நிபந்தனைகளை நிறைவேற்றினால் இரண்டு வழக்கையும் அவரே விலக்கிக்கொள்வார். அதன் வரைவிலும் மூன்றாவது பக்கத்தில் ‘நான் இக்குற்றத்தைச் செய்தேன்’ என்று ஒரு பத்தி இருந்தது. பல மாவட்டங்களில் அப்படி எழுதி வாங்குவது வழக்கமாம். கையெழுத்திட்ட ஒப்புதல் பின்னால் விசா நேர்காணலில் எனக்கு எதிராகத் திரும்பலாம் என்பதால், அதை எடுக்காமல் சம்மதிக்க வேண்டாம் என்றார் குடியேற்ற வழக்கறிஞர். மூன்று வாரம் இழுத்து, அந்தப் பத்தியை நீக்கினார்கள். 500 டாலர் கட்டணம், 60 மணி நேரச் சமூகப் பணி, போதைப்பொருள் குறித்த வகுப்பு, முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனைகள். சனிக்கிழமைகளில் ஓர் உணவு வங்கியில் டின்களை அடுக்கினேன். வேலைக்கு எடுக்க இருந்த ஒரு நிறுவனம் நிலுவையிலிருந்த வழக்கைப் பார்த்துப் பின்வாங்கியது. ஒருநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பத்தாவுக்கு வர முடியாததும் இதனால்தானா?” என்று மட்டும் கேட்டார்.

2023 நவம்பரில் வழக்குகள் தள்ளுபடியாயின. அடுத்து, கைதுப் பதிவையே அழிக்கச் சொல்லி மனுப்போடலாம். அதற்கு முன், தள்ளுபடி உத்தரவு, குற்றச்சாட்டு, ஆய்வக அறிக்கை, ஒப்பந்தம் எல்லாவற்றிலும் முத்திரையிட்ட நகல்கள் வாங்கிவிட வேண்டும். அழித்தபின் நீதிமன்றமே நினைத்தாலும் தர முடியாது. விசா விண்ணப்பமோ எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்று கேட்கும். பதிவு அழிந்திருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும், காகிதம் காட்ட வேண்டும். கைரேகை மத்திய அரசிடம் இருக்கிறது. அங்கே ‘இல்லை’ என்று எழுதினால் அந்தப் பொய் தனிக் குற்றமாகிவிடும். நான் ஆறு செட் வாங்கினேன்.

2025 ஜனவரியில் சென்னைத் துணைத் தூதரகத்தில் எச்-1பி விசாவுக்கு நின்றேன். அதிகாரி கைதைப் பற்றிக் கேட்டார், உறையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனைக்குப் போகச் சொல்லி ஒரு தாளைத் தந்தார். ஐந்து வாரம் காரைக்குடியில் காத்திருந்தேன். என் அலுவலகம் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியது. ஆறாவது வாரம் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது. டாலஸ் விமான நிலையத்தில் தனி அறைக்கு அழைத்துப்போய் நாற்பது நிமிடம் உட்காரவைத்து, அதே கேள்விகளைக் கேட்டு அனுப்பினார்கள்.

கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் அதே கேள்வி வரும். ஆறு செட்டில் நான்கு மீதி இருக்கின்றன. இரண்டை அப்பா பீரோவில் வைத்திருக்கிறார்.