உண்டியல் சாவி யாரிடம் இருக்கணும்?

'தர்மம்' என்றதும் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நீட்டிய கைதான் நினைவுக்கு வரும். அதே சொல்லுக்கு நியாயம் என்றும் பொருள் உண்டு என்பது தமிழய்யா வகுப்போடு சரி. தானத்துக்கு யூதப் பிள்ளைகள் படிக்கும் எபிரேயச் சொல் 'செதாகா'. நீதியைக் குறிக்கும் 'செதெக்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. பாடம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கொடுத்தவனுக்குக் கைதட்டல் கிடையாது. வாங்கிய கடனைக் கட்டியவனுக்கு யார் கைதட்டுவார்கள்?

சேலத்திலோ ஏற்காட்டிலோ ஞாயிறு வகுப்பு, விடுதி, டியூஷன் நடத்துகிறவர்கள், கொடுப்பதைக் கற்றுத்தரும் இந்த யூத முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எபிரேய மொழி தெரிய வேண்டியதில்லை. 60 புளியங்கொட்டை, 8 அட்டை, ஒரு தகர டப்பா, 2 பூட்டு போதும்.

முதலில் புளியங்கொட்டை. வரிசைக்கு 10 வீதம் 6 வரிசை தரையில் அடுக்கி, "இது உன் கடலைக்காடு, அறுவடை பண்ணு" என்று விடுங்கள். மொத்தத்தையும் வழித்து எடுப்பார்கள். அப்புறம் யூதர்களின் வேதமான தோராவின் சட்டத்தைச் சொல்லுங்கள்: காட்டின் ஓரத்தை அறுக்காமல் விடணும், சிந்தினதைப் பொறுக்கக் கூடாது, மறந்துவிட்டு வந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அதெல்லாம் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. எவ்வளவு ஓரம் என்று தோரா சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, 60இல் 1க்குக் குறையக் கூடாது என்கிறது. ஆக, ஒரே ஒரு கொட்டை. "இவ்வளவுதானா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கட்டும். நிலத்தின் அளவையும் ஏழைகளின் எண்ணிக்கையையும் பார்த்துக் கூட்டிக்கொடு என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தப்புக்கடலை பொறுக்குவது புதிதில்லை. ஆனால் இங்கே அது காட்டுக்காரர் கண்டுகொள்ளாமல் விடும் சலுகை. தோராவின் சட்டத்தில் அது ஏழையின் சொத்து. காட்டுக்காரர் எடுத்தால் திருட்டு. இந்த ஒரு வித்தியாசத்துக்கு அரைமணி நேரம் செலவழித்தாலும் தகும்.

அடுத்து வரும் கேள்வி இன்னும் நல்லது. ஏன் கடைசி ஓரத்தில் விடணும், நடுவில் எங்காவது விட்டால் என்ன? மிஷ்னாவை விவாதித்து விரிக்கும் தால்முத் சொல்லும் காரணங்களில் மூன்று: ஆளில்லாத நேரம் பார்த்து நிலக்காரர் தன் சொந்தக்காரருக்கு ஒதுக்கிவிடக் கூடாது, எந்த இடத்தை விடுவாரோ என்று ஏழை நாள் முழுக்கக் காத்துக்கிடக்கக் கூடாது, போகிறவர் வருகிறவர் அவரைச் சந்தேகப்படக் கூடாது. இரண்டாவதில் கொஞ்சம் நிறுத்துங்கள். ஏழையின் நேரத்துக்கும் விலை வைத்த சட்டம் அது. இலவச வேட்டி சேலைக்குக் காலை 8 மணிக்கே வரச்சொல்லி, பிரமுகர் வந்து சேரும் 12 மணி வரை வெயிலில் உட்காரவைக்கிற விழாக்கள் இந்தக் கணக்கில் தேறாது.

இனி அட்டைகள். 1204இல் மறைந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ், கொடுப்பதை 8 படியாகப் பிரித்தார். கீழிருந்து மேலாக: மனமில்லாமல் கொடுப்பது, குறைவானாலும் சிரித்த முகமாகக் கொடுப்பது, கேட்டபின் கொடுப்பது, கேட்குமுன் கொடுப்பது, யார் வாங்குகிறார் என்று கொடுப்பவருக்குத் தெரியாதது, யார் கொடுத்தார் என்று வாங்குபவருக்குத் தெரியாதது, இரண்டு பேருக்குமே தெரியாதது, உச்சியில், கடனோ கூட்டுத் தொழிலோ வேலையோ கொடுத்து, இனிக் கேட்கத் தேவையில்லாமல் செய்வது. அட்டைக்கு ஒன்றாக எழுதிக் கலைத்துப்போட்டு, இரண்டிரண்டு பேராக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து வாதாடிப் படிப்பதே யூதப் பள்ளிகளின் வழக்கம்.

5, 6ஆம் படிகளை மாற்றிவைப்பவர்கள் உண்டு. வெட்கப்படுவது வாங்குபவர்தான், அவருக்குத் தெரியாமலிருப்பதே மேல் என்று காரணம் சொன்னால் பிடிபட்டுவிடும். உச்சிப் படியை ரகசியத்துக்குக் கொடுத்துவிடுவதும் வழக்கமான தவறு. அங்கே உள்ளூர் உதாரணம் வேண்டும்: இளம்பிள்ளையில் நூல் வாங்கப் பணமில்லாமல் நிற்கும் தறிக்காரருக்கு வட்டியில்லாக் கடன், தட்டுவடை செட் போடத் தெரிந்த அக்காவுக்கு ஒரு தள்ளுவண்டி. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாதபடி எழுதியிருக்கும் 'உபயம்' எந்தப் படி என்று பிள்ளைகளே சண்டைபோட்டு முடிவுசெய்யட்டும். மொய்யை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அது நோட்டில் எழுதித் திரும்பி வரும் கடன்.

தால்முத்தில் வரும் மார் உக்வா என்பவரின் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து ஏழையின் கதவிடுக்கில் தினம் 4 காசு போட்டுவந்தவர். யாரென்று பார்க்க ஏழை வெளியே வர, கணவனும் மனைவியும் ஓடிப்போய் நெருப்பு வாரிய அடுப்புக்குள் ஒளிந்தார்கள். அவர் கால் சுட்டது, அவள் கால் சுடவில்லை. ஏன்? அவள் வீட்டிலேயே இருந்து, பசித்தவனுக்கு உடனே உதவுகிறவள். காசு கொடுத்தால் அவன் கடைக்குப் போகணும், சமைக்கணும்.

கடைசியாக டப்பா. யூதப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை, சப்பாத் என்ற வார ஓய்வுநாள் தொடங்குமுன் அதைச் சுற்றிவிடுவது வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய வசூல் நடத்துவதைவிட இது மேல். ஆயிரம் காசை ஒரே தடவையில் கொடுப்பதைவிட ஒவ்வொரு காசாக ஆயிரம் தடவை கொடுத்தால்தான் கை பழகும் என்றவரும் மைமோனிடெஸ்தான். அளவு பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. வாரம் 50 ரூபாய் கைச்செலவுக்கு வாங்கும் பிள்ளை 5 ரூபாய் போடட்டும், 10க்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் எல்லாம் கெடும். பேர் வாசித்தால் போட்டி வரும். காசில்லாத பிள்ளை அன்றைக்கு லீவு போடும். தானம் வாங்குபவரும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அந்தப் பிள்ளையை விலக்கவும் முடியாது. ஜெருசலேம் ஆலயத்தில் இதற்கென்றே ஒரு ரகசிய அறை இருந்தது: கொடுப்பவர் சத்தமில்லாமல் வைப்பார், நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். டப்பாவைத் தனி அறையில் வைத்து, காசில்லாத பிள்ளை எடுத்துப்போட, பக்கத்தில் ஒரு கிண்ணம் 1 ரூபாய் நாணயமும் வையுங்கள். ஒவ்வொருவராக மூடிய கையோடு போய் வரட்டும்.

வசூலுக்கு 2 பேர், பங்கிடுவதற்கு 3 பேர் என்பது தால்முத் விதி. பங்கிடுவது தீர்ப்பு மாதிரி என்பதால் மூன்று. பசி என்றால் விசாரிக்காமல் கொடுக்கணும், துணி கேட்டால் விசாரிக்கலாம் என்பதை அந்த மூவருக்கும் முதலிலேயே சொல்லிவையுங்கள். டப்பாவில் 2 பூட்டு போட்டு, வேறு வேறு தெருவில் இருக்கும் 2 பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சாவி கொடுத்துவிடுங்கள். வாத்தியாரிடம் சாவி வேண்டாம்.