டிசம்பர் 24 தாள்

எங்கள் வீட்டு தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது அப்பாவின் வேலை. கிழித்ததைப் பால் கணக்கு எழுத வைத்துக்கொள்வார். ஒரே ஒரு தாள் மட்டும் அவருடைய பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்தது: 1987 டிசம்பர் 24, வியாழன். பின்பக்கம் பென்சிலில், "எம்.ஜி.ஆர். விடியற்காலை. கடை இல்லை. பால் இல்லை."

அதன் கீழே வேறு மையில், "பெரியாரும் இதே நாள், 1973." பெரியார் வேலூர் மருத்துவமனையில் மறைந்தபோது வயது 94, எம்.ஜி.ஆருக்கு 70. இரண்டு பேரின் உடலும் ராஜாஜி மண்டபத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. இருவரும் பிறந்ததும் 17ஆம் தேதி. ஒருவர் செப்டம்பர், ஒருவர் ஜனவரி. அப்பா இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது, கவனித்திருந்தால் எழுதியிருப்பார்.

சரி, என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். 1968இல் இதே தேதியில் அப்பல்லோ 8 விண்கலம் நிலவைச் சுற்றியது. நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழும் அந்தப் படத்தை விண்வெளி வீரர் வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்தபோது நம்மூரில் இரவு பத்து மணி தாண்டியிருந்தது. நல்லவேளை, 24ஆம் தேதி முடியவில்லை. தாளில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது.